பொரி விழுந்த படம்

எங்கள் கூடத்துச் சுவரில் இரண்டு படங்கள் மாட்டியிருக்கிறேன். ஒன்றைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். இன்னொன்று கூகைப் படம். வீட்டுக்கு முதல் தடவை வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்ததும் அதைத்தான் பார்ப்பார்கள், பார்த்த கையோடு முகத்தைச் சுளிப்பார்கள். கூகையைப் போய் யாராவது வீட்டுக்குள் மாட்டுவார்களா என்று பாதிச் சுளிப்பு. படமும் சரியில்லையே என்று மீதி. சரியில்லைதான். கேமராவுக்கும் பறவைக்கும் நடுவில் யாரோ மணலை வாரி இறைத்த மாதிரி படம் முழுக்கப் புள்ளி. சாம்பல் நிறத்தில் கோபுரச் சுவர், சுண்ணாம்புச் சுதையால் செய்த துவாரபாலகரின் ஒரு கால், காலுக்குப் பின்னால் ஒரு பொந்து. பொந்தின் வாயில் வெற்றிலையை ஒட்டிவைத்தது போன்ற வெள்ளை முகத்தோடு கூகை. அதன் அலகில் ஒரு எலி, வால் தொங்குகிறது. அதற்குப் பின்னால் இருட்டுக்குள் இரண்டு சின்ன முகங்கள். “இன்னா அக்கா இது, இப்பல்லாம் ஃபோன்லயே ஒரு தட்டு தட்டினா இந்தப் புள்ளியெல்லாம் ஓடிப்பூடும். குடுங்க, நான் சுத்தம் பண்ணித் தரேன்” என்று யாராவது ஒருவர் ஆரம்பிப்பார். நான் காப்பி டம்ளரைக் கையில் கொடுத்து வாயை அடைப்பேன். ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்பேன். இதுல மொத்தம் எத்தனை பறவை இருக்குது, சொல்லு பார்ப்போம்? எல்லாரும் மூன்று என்பார்கள். தப்பு.

எடுத்தவர் என் அண்ணி. அண்ணி என்றால் என் வீட்டுக்காரருடைய அக்கா. கல்யாணமாகிப் போன இடம் சரிப்பட்டு வரவில்லை என்று, நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வருவதற்கு முன்பே திரும்பி வந்து, பிறந்த வீட்டுத் தறியிலேயே உட்கார்ந்துவிட்டவர். நாத்தனார் இருக்கிற வீட்டுக்குப் பெண்ணைக் கொடுக்கிறீர்களே என்று என் அம்மாவிடம் பயம் காட்டாத ஆள் இல்லை. வந்து பார்த்தால், என்னோடு சண்டை போட அண்ணிக்கு நேரமே இல்லை. அவருக்கு ஊரோடு சண்டை போடவே பொழுது போதவில்லை. தண்ணீர்க் குழாயில் வரிசை தப்பினால் சண்டை, நாய்க்குட்டி மீது யாராவது கல்லெறிந்தால் சண்டை, பேருந்தில் கர்ப்பிணிக்கு இடம் கொடுக்காவிட்டால் நடத்துநரோடு சண்டை. குரல் மட்டும் உயராது. எதிராளி கத்திக் கத்தி ஓய்ந்து போகும்வரை ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே நிற்பார். அவரைப் போல விடாக்கண்டரை நான் பார்த்ததில்லை.

முதுகுத்தண்டு தேய்ந்துவிட்டது, இனிமேல் தறிக்குழியில் இறங்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு, ஒரு பட்டுக் கடையில் புடவை மடிக்கிற வேலைக்குப் போனார். அந்தக் கடையில் இணையத்தில் விற்பதற்காகப் புடவைகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தவர் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுவிட்டார். கேமரா சும்மா கிடந்தது. மடித்துக்கொண்டிருந்தவர் எடுக்க ஆரம்பித்தார். எடுக்கத் தெரிந்ததா என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மதியச் சாப்பாட்டு வேளையில் ஃபோனில் பாடம் பார்த்து, சாயங்காலம் அதைச் செய்து பார்த்து, கொஞ்ச நாளில் கடைக்கு அவரில்லாமல் முடியாது என்கிற நிலைக்கு வந்துவிட்டார்.

அந்தக் கடையில்தான் பொரி என்ற சொல் பிறந்தது. வெளிச்சம் குறைந்த இடத்தில் கேமராவை அதட்டி வேலை வாங்கினால் படத்தில் புள்ளி புள்ளியாக விழும் இல்லையா, அதற்கு அண்ணி வைத்த பெயர் பொரி. ஐ.எஸ்.ஓ. என்று கேமராவில் ஒரு எண் இருக்கிறது. அதைக் கூட்டினால் கேமராவுக்கு இருட்டில் கண் தெரியும், கூடவே பொரியும் வந்து சேரும். பட்டுக் கடையில் பொரிக்கு இடமே கிடையாது. அரக்குப் புடவையில் ஒரு புள்ளி தெரிந்தாலும், எங்கோ அயல்நாட்டில் இருக்கிற அம்மாள் ‘கறையா?’ என்று கேட்பார். ஆகவே அண்ணி ஒவ்வொரு படத்தையும் கணினியில் ஏற்றி, பொரியை வழித்தெடுத்து, பட்டு பட்டாகவே மின்னும்படி செய்து அனுப்புவார். அதற்கு அவர் சொல்வது ‘வழிக்கிறது’. தோசை மாவுப் பாத்திரத்தை வழிப்பதுபோல, ஒரு சொட்டு விடமாட்டார்.

எங்கள் தெருக் கோடியில் ஒரு சின்ன ஈசுவரன் கோயில், மூன்று நிலைக் கோபுரம். இரண்டாம் நிலையில் இருந்த அந்தப் பொந்தில் கூகை குடியிருந்தது தெருவுக்கே தெரியும். பொழுது சாய்ந்து சாயரட்சை மணி அடித்ததும் வெளியே வந்து, சத்தமே இல்லாமல் எங்கள் மொட்டை மாடிக்கு மேலாகப் பறந்து போகும். கூகை குழறினால் சாவு விழும் என்று ஆளாளுக்குக் காறித் துப்புவார்கள். அண்ணிக்கு அதன் மேல் ஒரு மரியாதை உண்டு. தறி இருக்கிற வீட்டுக்கு எலியைவிடப் பெரிய எதிரி யார்? ராத்திரியோடு ராத்திரியாகத் தறியில் ஏற்றிய பாவு நூலைக் கடித்துவைத்துவிட்டுப் போனால் வீட்டில் இழவு விழுந்த மாதிரிதான். “இந்தத் தெருவுல சம்பளம் வாங்காம வேலை பார்க்கிறது அது ஒண்ணுதான்மா” என்பார்.

ஆனால் அண்ணி அந்தப் படத்துக்காக அத்தனை பாடுபட்டதற்குக் காரணம் கூகையும் இல்லை, எலியும் இல்லை. மைனா. முந்தின வருஷம் கோயில் மடப்பள்ளிச் சுவரில் ஒரு விரிசலை அடைத்தார்கள். உள்ளே மைனா குஞ்சு பொரித்திருக்கிறது, கொஞ்ச நாள் பொறுங்கள் என்று அண்ணி போய்ச் சொன்னார். சரிம்மா சரிம்மா என்று தலையை ஆட்டிவிட்டு, அவர் கடைக்குப் போன நேரத்தில் பூசிவிட்டார்கள். சாயங்காலம் வந்து பார்த்தால் தாய் மைனா ஈரப் பூச்சைக் கொத்திக்கொண்டிருக்கிறது. சுவருக்குள்ளிருந்து கீச்சுச் சத்தம். உடைங்க, உடைங்க என்று அண்ணி நின்றார். பூசின சுவரைச் செவ்வாய்க்கிழமையில் இடிக்கக் கூடாது என்றார்கள். மறுநாள் பார்க்கலாம் என்றார்கள். மறுநாள் சத்தம் இல்லை. உடைக்க வேண்டிய அவசியமும் இல்லாமல் போயிற்று. “தெரியாமப் பூட்டுச்சுமா” என்றார் கொத்தனார். அண்ணி அவரைத் திட்டவில்லை. அன்றிலிருந்து அந்த மடப்பள்ளிப் பொங்கலை மட்டும் வாயில் வைக்கவில்லை. கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு என்னிடம் கொடுத்துவிடுவார். ஏன் அண்ணி என்று ஒரு தடவை கேட்டேன். “தொண்டையில எறங்கலமா” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்த கார்த்திகையில் கோயிலுக்குத் திருப்பணி தொடங்கியது. சாமியைச் சின்னக் கொட்டகைக்கு மாற்றிப் பாலாலயம் செய்து, மார்கழியில் கோபுரத்துக்குச் சவுக்குக் கம்பில் சாரம் கட்டினார்கள். பொந்துகளை எல்லாம் செங்கல் வைத்து அடைத்து, சுதைகளுக்குப் புது வர்ணம் பூசி, பங்குனியில் கும்பாபிஷேகம் என்று ஏற்பாடு. இரண்டாம் நிலைப் பக்கம் போன ஆட்கள் போன வேகத்தில் இறங்கி வந்துவிட்டார்கள். பொந்துக்குள்ளே பாம்பு சீறுகிறதாம். அண்ணி கேட்டுவிட்டு அப்படியே தெருவில் நின்றார். கூகைக் குஞ்சுகள் பசித்தால் சீறத்தான் செய்யும், அசல் பாம்பு மாதிரியே இருக்கும். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தவர் அதை மறந்து நேராகத் திருப்பணிக் குழுத் தலைவரிடம் போனார். பால் பொங்கி வழிந்ததைத் துடைத்தவள் நான்.

தலைவரை நான் குறை சொல்லமாட்டேன். ஜவுளி வியாபாரி, கைக்காசைப் போட்டுக் கோயில் வேலை பார்க்கிற மனிதர். கொடாக்கண்டர், அவ்வளவுதான். விடாக்கண்டர் போய்க் கொடாக்கண்டர் முன்னால் நின்றால் எப்படி இருக்கும்? தெருவே வேடிக்கை பார்த்தது.

“பாம்பு இருக்குதுன்னு ஆளுங்க அந்தப் பக்கம் சாரத்துல ஏறவே மாட்றாங்கமா. பொந்தை அடைச்சாத்தான் எனக்கு வேலை நடக்கும்” என்றார் தலைவர்.

“அது பாம்பில்ல. குஞ்சுங்க சீறுது” என்றார் அண்ணி.

“நீ பார்த்தியா?”

“நான் வேணா சாரத்துல ஏறிப் பார்த்துச் சொல்றேன்.”

“பொம்பளைங்க கோபுரத்துச் சாரத்துல ஏறுற பழக்கம் நம்ம ஊர்ல இல்லமா. மேஸ்திரி, நீ ஏறிப் பார்க்கிறியா?”

மேஸ்திரி சட்டென்று குனிந்து சுண்ணாம்புத் தொட்டியைக் கிளற ஆரம்பித்துவிட்டார்.

“அப்ப குஞ்சு இருக்குதுன்னு காட்டினா இன்னா பண்ணுவீங்க?” என்று அண்ணி விடவில்லை.

“காட்டு. என் கண்ணால பார்த்துட்டேன்னா அதுங்க பறந்து போற வரைக்கும் அந்தப் பொந்துல கை வைக்க மாட்டேன். ஈசன் மேல ஆணை. காட்டலைன்னா அமாவாசை கழிச்சு அடைச்சுடுவேன், அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது.”

வனத்துறைக்கு ஒரு வார்த்தை சொல்லலாமே என்று வீட்டில் நான் கேட்டேன். “சொல்லலாம். வந்து அவங்களும் முதல்ல இன்னா கேப்பாங்க? படம் இருக்குதான்னு தானே?” என்றார் அண்ணி. அதுவும் நியாயம்தான். கடை முதலாளியிடம் கேமராவையும், கூட்டம் வரும்போது எட்டவிருந்து எடுக்க வாங்கிவைத்திருந்த நீள லென்ஸையும் கேட்டு வாங்கினார். மார்கழியில் முகூர்த்தம் இல்லை, கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள், ஆகவே சாயங்காலத்தில் சீக்கிரம் கிளம்பவும் அனுமதி கிடைத்தது. எங்கள் மொட்டை மாடியில் நின்றால் அந்தப் பொந்து நேர் எதிரே தெரியும். கேமராவின் முக்காலியை நிறுத்தி, காற்றில் ஆடாமல் இருக்க அதன் நடுவில் அரிசி மூட்டையைத் தொங்கவிட்டார். என் வீட்டு அரிசி. கேட்கவெல்லாம் இல்லை.

ஃப்ளாஷ் அடித்தால் ஒரு நொடியில் வேலை முடிந்துவிடுமே என்று நான்தான் வாயைத் திறந்தேன். அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்தார். “இருட்டுல பொழைக்கிற ஜென்மம்மா அது. கண்ணுல வெளிச்சத்தை அடிச்சா எலியை வுட்டுட்டுப் பறந்து பூடும். அன்னிக்கு அதுங்க பட்டினி. அதுங்களைக் காப்பாத்தறேன்னு சொல்லிக்கினு நானே பட்டினி போட்றதா?” என்றார். மாடி விளக்கைக்கூடப் போடக் கூடாது என்று உத்தரவு. துணி எடுக்கப் போனால் நான் படியில் தடவித் தடவித்தான் ஏற வேண்டும். ஒரு நாள் கால் இடறிப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். மெதுவா வாம்மா, சத்தம் போடாதே என்றார். என் காலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

முதல் சில சாயங்காலங்கள் வீணாகப் போயின. மணி அடிக்கும்போது வானத்தில் ஒரு பிடி வெளிச்சம் மிச்சமிருக்கும். கூகை வெளியே வந்து பொந்து வாயில் கொஞ்ச நேரம் உட்காரும். அந்த நேரம்தான் உண்டு. அண்ணிக்குப் பொரி பயம். கடையில் பழகிய பயம். அதனால் எண்ணைக் கூட்டாமல் குறைத்தே வைத்து எடுத்தார். படம் கருப்பாக வந்தது. சரி, கணினியில் வெளிச்சத்தை ஏற்றிக்கொள்ளலாம் என்று ஏற்றினால், இருட்டுக்குள் ஒளிந்திருந்த பொரியெல்லாம் மொத்தமாக மேலே வந்துவிட்டது. பறவை இருந்த இடத்தில் எள்ளுருண்டை இருந்தது. இருட்டாக எடுத்துவிட்டு அப்புறம் வெளிச்சம் ஏற்றுகிற படத்தைவிட, முதலிலேயே எண்ணைக் கூட்டி, வெளிச்சமாக எடுத்துவிட்ட படத்தில் பொரி குறைவு என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டார். “பயந்து பயந்து எடுத்ததுதான் தப்பு. வர்ற பொரி வரட்டும்னு எடுக்கணும்” என்றார். அப்புறம் பனியில் லென்ஸ் வேர்த்துப் போய் ஒரு நாள் போயிற்று. லென்ஸைச் சுற்றி என்னுடைய பழைய சால்வையைக் கட்டினார். அதையும் கேட்கவில்லை.

ஒரு சாயங்காலம் கூகை அசையாமல் உட்கார்ந்தது. அண்ணி எண்ணைத் துணிந்து கூட்டி வைத்திருந்தார். முகம் விழுந்தது, கண் விழுந்தது, பக்கத்தில் ஒரு குஞ்சின் தலையும் எட்டிப் பார்த்தது. நாங்கள் இரண்டு பேரும் மாடியிலேயே ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு குதித்தோம். முதுகு தேய்ந்தவர் குதிக்கலாமா என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. மறுநாள் கடையில் உட்கார்ந்து, பத்தாயிரக்கணக்கில் விலை போகிற புடவைக்குச் செய்வதையெல்லாம் அந்தப் படத்துக்குச் செய்தார். ஒரு பொரி இல்லாமல் வழித்தார். சுவர் வழவழவென்று, இறகு பளபளவென்று, கண் இரண்டும் மணி பதித்த மாதிரி. வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டியபோது நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன், அத்தனை அழகு.

தலைவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். மேஸ்திரியைக் கூப்பிட்டுக் காட்டினார். மேஸ்திரி பார்த்துவிட்டு, “இது சுதைங்க. போன கும்பாபிஷேகத்துல வேலை செஞ்சவங்க கோபுரத்துல கிளி, மயிலுன்னு பறவைங்களா வெச்சிருக்காங்க. இது அதுல ஒண்ணு. பெயிண்ட் கூட அப்படியே இருக்குது பாருங்க” என்றார். அவர் வேண்டுமென்று சொல்லவில்லை. சத்தியமாக அப்படித்தான் இருந்தது. அந்தத் துவாரபாலகர் காலும் கூகையும் ஒரே கையால் பூசி, ஒரே டப்பாவில் வர்ணம் தொட்டு எழுதியது போலிருந்தன. உயிரோடிருந்த பறவையைப் பட்டுக் கடைக் கை பொம்மையாக்கிவிட்டது. தலைவர் படத்தை அண்ணியிடம் திருப்பிக் கொடுத்து, “அமாவாசைக்கு இன்னும் நாள் இருக்குதும்மா” என்றார். குரலில் கேலி இருந்த மாதிரி எனக்குப் பட்டது. அந்த ஆத்திரத்தில் நான் ஏதோ பேசப்போக, அண்ணி என் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அழுவார் என்று நினைத்தேன். மாடியில் போய் உட்கார்ந்து, அந்தப் படத்தையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். “புடவை எடுத்து எடுத்து என் புத்தியே வழுக்கிடுச்சும்மா. இறகைக் காட்ட வேண்டிய எடத்துல சாட்டின் துணியைக் காட்டிட்டு வந்திருக்கேன். அந்த மேஸ்திரி இன்னா பண்ணுவாரு பாவம்” என்றார். சிரித்து முடித்ததும் முகம் மாறியது. “தெரியாமப் பூட்டுச்சுன்னு இந்தத் தடவை ஒருத்தரும் சொல்லக் கூடாது. சொல்ல விடமாட்டேன்” என்றார். அந்த மைனாச் சத்தம் அவர் காதிலிருந்து போகவே இல்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அதற்குப் பிறகு ஒரு சாயங்காலம் தவறாமல் மாடிதான். மழைத் தூறலில் ஒரு நாள் குடையைக் கேமராவுக்குப் பிடித்துக்கொண்டு தான் நனைந்தார். உட்கார்ந்திருக்கிற கூகையை மறுபடி எடுக்க அவருக்கு விருப்பமில்லை. எத்தனை எடுத்தாலும் உட்கார்ந்திருப்பதைச் சுதை என்று சொல்ல ஒரு வாய் இருக்கும். அது இரை கொண்டுவருகிற நேரத்தைப் பிடிக்க வேண்டும். பறந்து வரும்போது எடுத்தால் அந்த வெளிச்சத்தில் இழுகிப் போகும். வந்து பொந்து வாயில் காலை ஊன்றி, குஞ்சுகள் கிட்ட வரும்வரை ஒரு கணம் அசையாமல் நிற்கும். அதற்குள் எடுத்தாக வேண்டும். பொந்து வாயைக் குறிபார்த்து முன்கூட்டியே வைத்துவிட்டு, கேமராவைக் கை படாமல் அழுத்த ஒரு கம்பியை மாட்டிக்கொண்டு, மூச்சைக்கூட அடக்கி நிற்பார். பெரும்பாலான நாட்களில் அது இரையோடு திரும்பி வருவதற்குள் கறுகறுவென்று இருட்டிவிடும். அமாவாசை நெருங்கியது. மேஸ்திரியின் ஆட்கள் மூன்றாம் நிலையை முடித்துவிட்டுக் கீழே இறங்கிக்கொண்டிருந்தார்கள். செங்கல்லை இரண்டாம் நிலைச் சாரத்துப் பலகையில் அடுக்கிவைத்ததை மாடியிலிருந்தே பார்த்தோம். அண்ணி செங்கல்லைப் பார்த்தார், கேமராவில் எண்ணை இன்னும் ஒரு படி கூட்டினார்.

அன்றைக்கு மேகமே இல்லாத வானம். மணி அடிப்பதற்கு முன்பே கூகை கிளம்பிப் போயிற்று, பசி பொறுக்காத குஞ்சுகள் அப்படிச் சீறின. போன வேகத்தில் திரும்பி வந்தது. பொந்து வாயில் இறங்கி நின்றது. அலகில் எலி. உள்ளேயிருந்து முகங்கள் முண்டியடித்தன. கேமரா சடசடவென்று அடித்தது, நின்றது. அண்ணி முக்காலியை விட்டு நகரவில்லை. கேமராவின் பின்பக்கத் திரையைத் தட்டிப் பார்த்தார். அந்தத் திரை வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது. வாயைத் திறந்து, பல்லெல்லாம் தெரிய, ஒரு சத்தமும் இல்லாமல் சிரித்தார். என்னவோ தோன்றியது, என் கையிலிருந்த பழைய ஃபோனில் அந்த முகத்தை ஒரு படம் எடுத்தேன். “சீ, என்னைப் போயி எடுத்துக்கினு. அழி அதை” என்றார். அழிக்கவில்லை.

அந்தக் கூகைப் படத்தை அண்ணி வழிக்கவில்லை. சிவப்பும் பச்சையுமாக அங்கங்கே சிதறியிருந்த வண்ணப் பொரியை மட்டும் எடுத்தார். மற்றதைத் தொடவில்லை. கணினித் திரையில் வழிக்கிற குமிழை ஒரு நூல் நகர்த்துவார், இறகின் கோடு மறைகிறதா என்று பார்ப்பார், பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிடுவார். கடையில் கூட வேலை செய்கிற பெண்கள், என்ன அக்கா இப்படிப் பொரியோடு விட்டுவிட்டீர்கள் என்றார்களாம். “இருக்கட்டும்” என்றாராம். வீட்டில் என்னிடம் காட்டி, “மூணு குஞ்சும்மா, பாரு” என்றார். எனக்கு இரண்டுதான் தெரிந்தது. இதோ, இந்த ஓரத்துல என்று விரலை வைத்த இடத்தில் வெறும் பொரிதான் இருந்தது. ஆசைதான் கண்ணை மறைக்கிறது என்று நினைத்துக்கொண்டு, ஆமாம் அண்ணி என்று சொல்லிவைத்தேன்.

மறுநாள் காலையில் தலைவர் படத்தைக் கையில் வாங்கினார். “இன்னாமா, பொரி பொரியா இருக்குது. போன படம் எவ்ளோ நல்லா இருந்தது” என்றார்.

“எலியைப் பாருங்க” என்றார் அண்ணி.

தலைவர் பார்த்தார். மேஸ்திரியிடம் நீட்டினார். மேஸ்திரி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பொந்து வாயில் தொங்குகிற வாலைப் பார்த்தார், எலியின் ஈர மயிரைப் பார்த்தார், பின்னால் இருட்டிலிருந்து நீண்ட கழுத்துகளைப் பார்த்தார். “சுதை எலி புடிக்காதுங்க” என்றார். பிறகு அவரே தலைவரைப் பார்த்து, “உயிர் இருக்குதுங்க உள்ள” என்று மெதுவாகச் சொன்னார். தலைவர் செங்கல்லைச் சாரத்திலிருந்து இறக்கச் சொன்னார். சாமான்யமாக விட்டுக்கொடுக்கிற மனிதர் இல்லை, ஆனால் சொன்ன சொல் தவறாதவர். அண்ணி ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். நானாக இருந்தால் தெரு முழுக்க நாலு தடவை நடந்து காட்டியிருப்பேன்.

மாசிக் கடைசியில் ஒரு சாயங்காலம் குஞ்சுகள் சாரத்துக் கம்புக்கு வந்து உட்கார்ந்தன. தெருவே அண்ணாந்து பார்த்தது, காறித் துப்பியவர்கள் உட்பட. ஒன்று, இரண்டு. நான் மாடியிலிருந்து எண்ணிக்கொண்டிருக்கும்போதே பொந்துக்குள்ளிருந்து இன்னொன்று தத்தித் தத்தி வெளியே வந்தது. மூன்று! அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தாரே ஒரு பார்வை, ஆயுசுக்கும் மறக்காது. நான் ஓடிப்போய்ப் படத்தை எடுத்து அந்த ஓரத்தைப் பார்த்தேன். பொரிக்கு நடுவே, உற்றுப் பார்த்தால், இரண்டு கண்ணும் ஒரு நெற்றியும். வழித்திருந்தால் பொரியோடு பொரியாக அதுவும் போயிருக்கும். பங்குனியில் கும்பாபிஷேகம் முடிந்து மடப்பள்ளிப் பொங்கலைத் தொன்னையில் கொடுத்தார்கள். வழக்கம்போல என்னிடம் நீட்டுவார் என்று கையை நீட்டினேன். அண்ணி தரவில்லை. கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே முழுவதையும் தின்றார். தொன்னையில் ஒட்டியிருந்ததையும் விரலால் வழித்தார். அன்றைக்குப் பட்ட சந்தோஷத்தை என் கல்யாணத்தன்று கூட நான் பட்டதில்லை. இதை என் வீட்டுக்காரர் படிக்கமாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

போன வருஷம் அண்ணி போய்விட்டார். மாரடைப்பு, கடையிலேயே. காரியத்துக்குப் படம் வேண்டும் என்றார்கள். வீடு முழுக்கத் தேடினோம். ஊரெல்லாம் படம் எடுத்தவருக்கு ஒரு படம் இல்லை. ரேஷன் கார்டுக்கு எடுத்த தபால்தலை அளவுப் படம் ஒன்று, அதில் அவர் போலீசைப் பார்த்த திருடன் மாதிரி இருந்தார். அப்போதுதான் என் பழைய ஃபோன் ஞாபகம் வந்தது. அலமாரியிலிருந்து தேடி எடுத்துச் சார்ஜ் ஏற்றிப் பார்த்தால், இருந்தது. அழிக்கச் சொல்லி அழிக்காத படம். ஸ்டுடியோவில் கொடுத்தேன். மறுநாள் சட்டம் போட்டு, பூமாலை வைக்கிற அளவுக்குப் பெரிதாக்கிக் கொடுத்தார்கள். “நல்லா சுத்தம் பண்ணிட்டேம்மா, பத்து வயசு கொறஞ்சிருக்குது பாருங்க” என்றார் ஸ்டுடியோக்காரர். பார்த்தேன். கன்னம் வழவழவென்று இருந்தது. உதட்டோரத்து மடிப்பு போய்விட்டது. நெற்றியில் சின்ன வயதில் தறி நாடா பட்டுக் கிழித்த தழும்பு போய்விட்டது. சிரிப்பு இருந்தது, சிரித்தவர் இல்லை.

“யாருங்க இது?” என்றேன்.

“என்னம்மா, நீங்க குடுத்ததுதானே?”

“எங்க அண்ணி சுதை இல்லீங்க. நான் குடுத்ததை அப்படியே பொரியோட போட்டுக் குடுங்க.”

“பெருசாப் போட்டா புள்ளி தெரியும்மா. நாலு பேர் வந்து பார்க்கிற எடம், நல்லாருக்காது.”

“தெரியட்டும். போடுங்க.”

அவர் தலையைச் சொறிந்தார். கத்தவில்லை நான். அண்ணி மாதிரியே அந்த ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு அங்கேயே நின்றேன். கடைசியில் போட்டுக் கொடுத்தார். காரியத்தன்று சொந்தக்காரர்கள் காதுபட முணுமுணுத்தார்கள். மேஸ்திரி வந்திருந்தார். படத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, “அப்படியே இருக்காங்கம்மா” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

அதுதான் சுவரிலுள்ள இரண்டாவது படம். போன வாரம் என் தம்பி மனைவி வந்திருந்தாள். புதிதாக வாங்கிய ஃபோனை எடுத்து இரண்டு படத்துக்கும் நேரே நீட்டி, “அண்ணி, ரெண்டுத்தையும் ஒரே நிமிஷத்துல பளிச்சுனு ஆக்கித் தரேன்” என்றாள். கை வெச்சே, ஒடிச்சுடுவேன் என்றேன். பயந்து போய் ஃபோனைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். பாவமாக இருந்தது. சாயரட்சை மணி அடித்தது. வழக்கமாக அந்த நேரத்தில் நான் கூடத்து விளக்கைப் போடுவதில்லை. அவளைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டுபோய்க் கூகைப் படத்தின் முன்னால் நிறுத்தி, எத்தனை பறவை என்று கேட்டேன். மூணு என்றாள். தெருக் கோடியிலிருந்து சீறுகிற சத்தம் கேட்டது. அடைக்காமலே விட்ட அந்தப் பொந்தில் இந்த வருஷத்துக் குஞ்சுகள். “இன்னும் ஒண்ணு இருக்குது, நல்லாப் பாரு” என்றேன். எங்கே, ஒண்ணும் தெரியலையே என்றாள். பக்கத்துப் படத்தில் திரை வெளிச்சம் முகத்தில் விழ, பல்லெல்லாம் தெரிய அண்ணி சிரித்துக்கொண்டிருந்தார். “விளக்கைப் போடாத. கொஞ்ச நேரம் நில்லு, தெரியும்” என்றேன்.